செபுல்தூரா: ஊரை விட்டுப் போன பிறகு வந்த ஊர்ச் சத்தம்

பழைய கேசட் எழுதியது:

ஓர் உள்ளூர் மெட்டல் (கனத்த கிட்டார் ஒலியுள்ள ராக்) குழு எப்படி வளர்கிறது, வளர வளர அதன் ஒலி என்னவாகிறது என்ற பேச்சு இங்கே எழும்போதெல்லாம் யாராவது ஒருவர் செபுல்தூராவை உதாரணம் காட்டிவிடுகிறார். பிரேசில்காரர்கள் தங்கள் மண்ணின் தாளத்தை மெட்டலுக்குள் கொண்டுவந்தார்கள், அதனால்தான் பெரிய குழு ஆனார்கள் என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் கதை. முப்பது ஆண்டுகளாக இந்தக் குழுவைக் கேட்டுவரும் எனக்கு இந்தக் கதை வரவர ஒட்டாமல் போகிறது. ஏன் என்று சற்று விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குழு தொடங்கியது 1984இல், மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தின் தலைநகரான பெலோ ஒரிசோன்ச்சியில். 'மினாஸ் ஜெராய்ஸ்' என்றால் பொதுச் சுரங்கங்கள் என்று பொருள். இரும்புத் தாது வெட்டியெடுக்கும் நாட்டில் மெட்டல் பிறந்தது என்று எழுதக் கை துறுதுறுக்கிறது, ஆனால் அந்தப் பையன்களுக்கும் சுரங்கத்துக்கும் தொடர்பில்லை. குழுவின் மாக்ஸ் கவலேரா (கிட்டார், பின்னர் பாட்டும்), இகோர் கவலேரா (டிரம்ஸ்) சகோதரர்களின் தந்தை இத்தாலியத் தூதரகப் பணியில் இருந்தவர். இவர்கள் சிறுவர்களாக இருந்தபோதே அவர் இறந்துபோக, வசதியாக இருந்த குடும்பம் சட்டென்று நொடித்தது. குழு வளர்ந்த சாந்தா தெரேசா பகுதிக்கு அதற்கு முன்பே இசையில் ஒரு பெயர் உண்டு: மில்டன் நாசிமெந்தோவைச் சுற்றி உருவான 'தெருமுனைச் சங்கம்' என்ற இசைவட்டம் அங்கேதான் கூடியது. பிரேசிலின் மிக மென்மையான பாடல்கள் சில பிறந்த அதே தெருக்களில், பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, இங்கிலாந்தின் மோட்டார்ஹெட் குழுவின் பாடல் ஒன்றைப் போர்த்துகீசியத்தில் பெயர்த்துக்கொண்டிருந்த மாக்ஸுக்குக் கல்லறை என்ற பொருள்படும் 'செபுல்தூரா' என்ற சொல் கிடைத்தது.

ஊரில் கோகுமேலோ என்று ஓர் இசைத்தட்டுக் கடை இருந்தது. அந்தக் கடையே லேபிளாக மாறி 1985இல் வெளியிட்ட முதல் தட்டின் ஒரு பக்கத்தில் செபுல்தூராவின் 'பெஸ்டியல் டிவாஸ்டேஷன்', மறுபக்கத்தில் ஓவர்டோஸ் என்ற இன்னோர் உள்ளூர்க் குழு. இரண்டே நாளில் பதிவு முடிந்தது. அடுத்த ஆண்டு 'மார்பிட் விஷன்ஸ்'. இந்த இரண்டிலும் பிரேசில் எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். சம்பா தாளம் இல்லை, பேரிம்பாவ் வாத்தியம் இல்லை, பாடல்கள்கூடப் போர்த்துகீசியத்தில் இல்லை. அகராதியைப் புரட்டிச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கிய வரிகள். நியூகாசிலின் வெனம் குழு போலவும் சுவிட்சர்லாந்தின் ஹெல்ஹாமர் குழு போலவும் ஒலிக்க வேண்டும் என்ற வெறி. அவ்வளவுதான்.

பிரேசில் அவர்களது ஒலிக்குள் எப்போது வந்தது? 1993இன் 'கேயாஸ் ஏ.டி.' ஆல்பத்திலும் 1996இன் 'ரூட்ஸ்' ஆல்பத்திலும். முன்னது வேல்ஸ் நாட்டின் ராக்ஃபீல்ட் ஸ்டுடியோவில் பதிவானது. பின்னது கலிஃபோர்னியாவில், மாலிபு மலைமேல் இருந்த இண்டிகோ ராஞ்சில். மாக்ஸ் அப்போது அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரவாசி. ஊரில் இருந்தவரை ஊர் ஒலிக்கவில்லை, ஊரை விட்டு எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் போன பிறகுதான் ஒலித்தது. அப்படியானால் இதை உள்ளூர்ச் சத்தம் என்று எந்தக் கணக்கில் சொல்கிறோம்?

மலைக்கோட்டை எழுதியது:

அண்ணா, வெளியே போனால்தானே வீட்டின் அருமை தெரியும்? எங்கள் தெருவில் துபாய்க்குப் போய் வந்தவர்கள்தான் முதலில் வாசலில் திண்ணை கட்டினார்கள். ஸ்டுடியோ எங்கே இருந்தது என்பதை வைத்து ஒலியின் ஊரைத் தீர்மானிக்க முடியாது. மேலும் 'ரூட்ஸ்' முழுவதும் மாலிபுவில் பதிவானதன்று. மாட்டோ குரோசோ மாநிலத்துக்குப் போய், ஷவாந்தி பழங்குடியினருடன் தங்கி, அவர்கள் பாடியதை அங்கேயே பதிவு செய்தார்கள். 'இட்சாரி' என்ற தடம் அதுதான்.

தோல்வாத்தியம் எழுதியது:

நான் டிரம்ஸ் வாசிப்பவன். கோயம்புத்தூர்ப் பக்கம் கல்லூரி விழாக்களில் தொடங்கி இன்றுவரை ஏதோ ஒரு குழுவில் இருந்துகொண்டிருக்கிறேன். பழைய கேசட் அவர்கள் ஆல்பங்களின் முகவரியைப் பார்க்கிறார். நான் இகோரின் கைகளைப் பார்க்கச் சொல்கிறேன், ஏனென்றால் மாற்றம் அங்கேதான் நடந்தது, அதுவும் நாம் நினைப்பதைவிட முன்னதாகவே நடந்தது.

த்ராஷ் என்ற அதிவேக மெட்டலில் டிரம்மர் செய்வது பெரும்பாலும் ஒரே வேலை: வலது கை ஹை-ஹாட், ரைடு என்ற உலோகத் தட்டுகளில் ஓட, இடது கை ஸ்நேர் முரசில் விழ, கால்கள் கீழே உருள. டாம்கள் என்ற தோல் முரசுகள் ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குத் தாவும் இடத்தில் மட்டும், படிக்கட்டில் உருளும் குடம் போல, ஒருமுறை ஒலித்துவிட்டு அமைதியாகிவிடும். 1989இன் 'பினீத் தி ரிமெய்ன்ஸ்' வரை இகோரும் இப்படித்தான், மின்னல் வேகத்தில். 1991இன் 'அரைஸ்' ஆல்பத்தில் சில இடங்களில் வேகம் குறைகிறது. குறைந்த இடங்களில் டாம்கள் தலைதூக்குகின்றன. 'கேயாஸ் ஏ.டி.' வந்தபோது தலைகீழாகிவிட்டது. தாளத்தின் எடை முழுவதும் உலோகத் தட்டுகளிலிருந்து இறங்கித் தோலுக்கு வந்துவிட்டது.

அந்த ஆல்பத்தின் முதல் பாடலான 'ரெஃப்யூஸ் ரெசிஸ்ட்' ஒரு குழந்தையின் இதயத்துடிப்புடன் தொடங்குகிறது. மாக்ஸின் முதல் மகன் சயான் தாயின் வயிற்றில் இருந்தபோது பதிவான துடிப்பு அது. துடிப்பு அடங்குவதற்குள் இகோர் டாம்களில் இறங்குகிறார். இதை முதல்முறை வாசித்துப் பார்த்தபோது, பயிற்சிக்கு வைத்திருந்த ரப்பர் தட்டில் அது வரவே இல்லை. வீட்டில் தலைகீழாகக் கவிழ்த்துவைத்த பிளாஸ்டிக் தண்ணீர்க் குடங்கள் இரண்டை எடுத்து, ஒன்றில் நீர் கொஞ்சம் விட்டு, உயரம் வேறுபட்ட இரு ஒலிகள் கிடைத்த பிறகுதான் உருப்படி பிடிபட்டது. அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை. எனக்கு அன்று விளங்கியது இது: அந்த வாசிப்பில் அடிகளின் எண்ணிக்கை பெரிதன்று, எந்த அடி கனமாக விழுகிறது என்பதே பெரிது. சம்பாவில் 'சுர்து' என்ற பெரிய முரசு இரண்டு அடித் தாளத்தில் இரண்டாவது அடியில்தான் தன் முழு எடையையும் போடும். முதலடி பாதி மூச்சாக நிற்கும். ராக் கேட்டுப் பழகிய காது முதலடியில் எடையை எதிர்பார்த்துக் காத்திருக்கும்போது, அடி தள்ளி விழுகிறது. இகோர் சம்பாவை அப்படியே வாசித்தார் என்று சொல்லவில்லை. எடையைத் தள்ளிப்போடும் அந்தப் பழக்கம் அவர் உடம்பில் இருந்தது என்கிறேன். அது ஸ்டுடியோவில் வாடகைக்குக் கிடைக்கும் பொருளன்று. கால்பந்து மைதானத்திலும் திருவிழாவிலும் சிறுவயது முதல் காதில் விழுந்து ஏறுவது. வேகமாக வாசித்தவரை அது வெளியே தெரியவில்லை, வேகத்தைக் குறைத்ததும் தெரிந்துவிட்டது.

வயிற்றிலிருந்தபடியே பாடலைத் தொடங்கிவைத்த சயான், பின்னாளில் தந்தையின் சோல்ஃப்ளை குழுவில் டிரம்மராக அமர்ந்தார் என்பதைக் கூடுதலாகச் சொல்லிவைக்கிறேன்.

சுருதிபேதம் எழுதியது:

தோல்வாத்தியம் அவர்கள் எழுதியதை டிரம்ஸைப் பொறுத்தவரை ஏற்கிறேன். ஆனால் ஒரு மெட்டல் குழுவின் ஒலியில் பாதிக்கு மேல் கிட்டார். கிட்டாரின் கதை வேறு.

முதலில் 'மார்பிட் விஷன்ஸ்'. அந்த ஆல்பத்தின் கிட்டார்கள் சுருதி சேராமல் இருக்கும். கலைநோக்கத்தால் அன்று, அவர்களுக்கு ஒழுங்காகச் சேர்க்கத் தெரியாததால். ஆங்கிலத்தில் அகராதி வரி, கையில் சேராத சுருதி. இந்தக் குறைகளெல்லாம் கூடி ஒரு மணம் வந்தது. அது வெனமுக்கும் இல்லை, ஹெல்ஹாமருக்கும் இல்லை. வெளியிலிருந்து தட்டும் வராமல், வாத்தியமும் வராமல், சொல்லித்தரவும் ஆளில்லாமல், 21 ஆண்டு ராணுவ ஆட்சி அப்போதுதான் முடிந்திருந்த ஒரு நாட்டின் உள்நகரத்தில் மட்டுமே அந்தச் சத்தம் வந்திருக்க முடியும். உள்ளூர்ச் சத்தம் என்று ஒன்று உண்டென்றால் அதுதான் என்பேன்.

பிறகு ஆந்திரியாஸ் கிஸ்ஸர் வந்தார், 1987இல். அவர் சாவோ பாவுலோ பக்கத்துக்காரர். முறையாக வாசிக்கத் தெரிந்தவர். 'ஸ்கிட்ஸோஃப்ரீனியா' ஆல்பத்தில் சுருதியும் சேர்ந்தது, லீட் கிட்டாரும் வந்தது, பாடல்களுக்கு எலும்புக்கூடும் வந்தது. அந்தப் பதிவுகளைக் கையில் எடுத்துக்கொண்டு, பான் அமெரிக்கன் விமான நிறுவன ஊழியர் போலப் பயணம் செய்து மாக்ஸ் நியூயார்க் போய்ச் சேர்ந்த கதையை அவரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். ரோட்ரன்னர் லேபிளின் ஒப்பந்தம் கிடைத்தது. 1988 டிசம்பரில் ஃபுளோரிடாவிலிருந்து தயாரிப்பாளர் ஸ்காட் பர்ன்ஸ் ரியோவுக்கு வந்திறங்கினார். ஸ்டுடியோ இரவில்தான் கிடைத்தது, ஆகவே இரவு எட்டு மணிக்குத் தொடங்கி விடியும்வரை 'பினீத் தி ரிமெய்ன்ஸ்' பதிவானது. சொற்பக் காசு. இன்று கேட்டாலும் ஒரு ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி) முடிந்து அடுத்தது எடுக்கும் இடங்களில் கத்தரித்த துணி போலத் துல்லியமாக இருக்கும். ஆனால் அது அமெரிக்காவின் ஸ்லேயர் குழு வகுத்த பாதையும் ஃபுளோரிடா டெத் மெட்டலின் ஒலிப்பதிவு முறையும் சேர்ந்தது. மிக நல்ல ஆல்பம். எந்த ஊரின் ஆல்பமும் அன்று.

'ரூட்ஸ்' பற்றி மலைக்கோட்டைக்கு ஒன்று சொல்ல வேண்டும். தயாரிப்பாளர் ராஸ் ராபின்சன். அதே இண்டிகோ ராஞ்சில் 1994இல் கார்ன் குழுவின் முதல் ஆல்பத்தை எடுத்தவர். சுருதி மிகத் தாழ இறங்கியது. மாக்ஸ் மேல்தந்திகள் இரண்டையும் கழற்றிவிட்டு நான்கு தந்திகளில் மட்டும் வாசிப்பவர் என்பதால் அந்தத் தாழ்ந்த உறுமல் அவர் கைக்கு இயல்பாகவே பொருந்தியது. ரிஃப்கள் இரண்டு மூன்று சுரங்களுக்குள் சுருங்கின. கார்னின் பாடகர் ஜோனதன் டேவிஸே ஒரு பாடலில் வந்துபோகிறார். டிரம்ஸை மௌனமாக்கிவிட்டு அந்தக் கிட்டார்களை மட்டும் கேட்டால் அவை கலிஃபோர்னியாவில் கார்னின் ஊரான பேக்கர்ஸ்ஃபீல்டின் கிட்டார்கள். பிரேசில் மேலே தூவப்பட்டது.

பழைய கேசட் எழுதியது:

சுருதிபேதம் நான் சொல்லவந்ததை என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டார். ஆனால் 'தூவப்பட்டது' என்பதோடு மட்டும் எனக்கு உடன்பாடில்லை. தூவியது எங்கிருந்து வந்தது என்றும் பார்க்க வேண்டும்.

'ரூட்ஸ்' ஆல்பத்தின் தாளவாத்தியங்களுக்குப் பொறுப்பேற்றவர் கார்லினியோஸ் பிரவுன். அவர் பாயியா மாநிலத்தின் சல்வடோர் நகரத்தவர். டிம்பலாடா என்ற பெரும் முரசுக் குழுவை உருவாக்கியவர். பெலோ ஒரிசோன்ச்சியிலிருந்து சல்வடோர் சாலைவழி ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல். ஷவாந்தி மக்கள் இருப்பது மேற்கே, மாட்டோ குரோசோவில். பேரிம்பாவ் என்ற ஒற்றைத் தந்தி வில் மறுபடியும் பாயியாவின் அடையாளம். 'ராட்டாமஹாட்டா' பாடலில் உச்சரிக்கப்படும் பெயர்களைப் பாருங்கள்: சும்பி, அடிமைத்தளையை உடைத்தோடியவர்கள் வடகிழக்கில் அமைத்த பல்மாரேஸ் குடியிருப்பின் தலைவர், லம்பியாவோ, வடகிழக்கின் வறண்ட நிலத்துக் கொள்ளைக்காரர். மினாஸ் ஜெராய்ஸுக்கென்றே 'கொங்காடோ' என்று ஒரு மரபு உண்டு. ஆப்பிரிக்க வழிவந்தவர்கள் முரசு கொட்டி ஊர்வலமாக வந்து ஜெபமாலை மாதாவுக்கு எடுக்கும் விழா. அந்த முரசு இந்த ஆல்பத்தில் எங்கும் இல்லை. சொந்த வாசலில் இருந்ததை விட்டுவிட்டு, வெளிநாட்டவருக்கு 'பிரேசில்' என்றதும் கண்முன் வரும் பொருள்களைத் திரட்டியிருக்கிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. தஞ்சாவூர்க் குழு ஒன்று தன்னைத் 'தமிழ் மெட்டல்' என்று காட்டிக்கொள்ள தவில் இருக்கும் தெருவைத் தாண்டிப்போய்ச் செண்டை மேளம் அமர்த்தியதைப் போல.

அட்டைப்படமும் அப்படித்தான். அதிலுள்ள பழங்குடி முகம் பழைய ஆயிரம் குருசேய்ரு பணத்தாளின் பின்பக்கத்திலிருந்து எடுத்தது. ஓவியர் மைக்கேல் வீலன் அதை அழகாக வரைந்திருக்கிறார், மறுக்கவில்லை. ஆனால் வேரைத் தேடிப் போனவர்களுக்கு முகம் கிடைத்த இடம் அரசாங்கம் அச்சிட்ட நோட்டு.

மலைக்கோட்டை எழுதியது:

அண்ணா, நோட்டுப் படத்தை வைத்து இவ்வளவு அடித்திருக்க வேண்டாம். செல்லாக்காசாகிப்போன ஒரு நோட்டிலிருந்து அந்த முகத்தை வெளியே எடுத்தார்கள் என்றும் பார்க்கலாமே.

நீங்கள் இருவரும் ஒலியின் பூர்வீகத்தை மட்டுமே தேடுகிறீர்கள். பாடல் எதைப் பற்றியது என்பதை ஒருவரும் தொடவில்லை. 1992 அக்டோபர் 2ஆம் நாள் சாவோ பாவுலோவின் கராண்டிரு சிறைக்குள் ராணுவக் காவல்துறை புகுந்தது. கைதிகள் 111 பேர் இறந்தனர். 'கேயாஸ் ஏ.டி.' ஆல்பத்தின் 'மேனிஃபெஸ்ட்' அதைப் பற்றியது. சம்பவம் நடந்த அடுத்த ஆண்டே வெளிவந்த பாடல். அதே ஆல்பத்தின் 'கையோவாஸ்', தங்கள் நிலம் பறிபோவதை எதிர்த்துத் தற்கொலை செய்துகொண்ட கையோவா பழங்குடியினருக்காக. அதில் ஒரு சொல்கூட இல்லை, மின்கிட்டாரும் இல்லை. வெறும் மரக்கிட்டார்களும் முரசுகளும். வேல்ஸிலுள்ள செப்ஸ்டோ கோட்டையின் இடிபாடுகளுக்குள் அமர்ந்து பதிவு செய்தார்கள். எங்கே அமர்ந்து வாசித்தார்கள் என்று கேட்டால் வேல்ஸ்தான். யாரை நினைத்து வாசித்தார்கள் என்று கேட்டால்? 'மார்பிட் விஷன்ஸ்' காலத்தில் இவர்கள் பாடியது சாத்தானைப் பற்றி. தங்கள் நாட்டில் மனிதர்கள் எப்படிச் சாகிறார்கள் என்று பாட அவர்களுக்கு ஏழெட்டு ஆண்டுகள் ஆயின. என் கணக்கில் அந்த நாளில்தான் அவர்கள் உள்ளூர்க் குழு ஆனார்கள்.

தோல்வாத்தியம் எழுதியது:

தம்பி எழுதியதைப் படித்ததும் 'கையோவாஸ்' மறுபடி கேட்டேன். அதன் தாளம் மிக எளிது. மேடையில் குழுவினர் எல்லோரும் முரசுகளைச் சுற்றி நின்று சேர்ந்து கொட்டுவார்கள். எளிதாக இருப்பதால்தான் அது நிற்கிறது. 'ரூட்ஸ்' ஆல்பத்தைவிட இந்த ஒற்றைப் பாட்டில் ஒலியும் பொருளும் ஒட்டியிருக்கின்றன என்பது என் முடிவு.

செண்டை மேள உவமைக்கு ஒரு வார்த்தை. நானே அந்தத் தவற்றைச் செய்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் குழுவில் பறை சேர்க்க ஆசைப்பட்டு, நன்றாக வாசிக்கும் ஒருவரை அழைத்து, பாட்டின் முகப்பில் அரை நிமிடம் அடிக்கச் சொன்னோம். பிறகு கிட்டார் வந்ததும் அவருக்கு வேலை இல்லை. இரண்டு ஒத்திகை பார்த்துவிட்டு அவர் அமைதியாகக் கேட்டார்: "பாட்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி மட்டும் நான் எதுக்குங்க?" பதில் சொல்லத் தெரியவில்லை. பறையின் அடியைக் கொண்டு பாட்டைக் கட்டவேண்டும், இல்லையென்றால் அதைக் கூப்பிடவே கூடாது. பல குழுக்களிடம் நாட்டு வாத்தியம் அரை நிமிட முகப்பாகவே நின்றுவிடுகிறது. செபுல்தூராவை இந்த ஒரு விஷயத்தில் குறைசொல்ல மாட்டேன்: 'ராட்டாமஹாட்டா'வில் முரசுகளை எடுத்துவிட்டால் பாட்டே இல்லை. சுருதிபேதம் அவர்கள் டிரம்ஸை மௌனமாக்கிக் கேட்டுப் பார்க்கச் சொன்னார். அந்தப் பாட்டில் அப்படிச் செய்தால் மிஞ்சுவது எவ்வளவு என்று அவரே பார்க்கட்டும்.

நம் பக்கத்திலும் இரண்டு வழியிலும் ஆட்கள் இருக்கிறார்கள். பெங்களூரின் கிரிப்டோஸ் 1998 முதல் இன்றுவரை ஒரு நாட்டு வாத்தியத்தையும் தொடாமல், பழைய ஹெவி மெட்டலையே பிடித்துக்கொண்டு ஜெர்மனியின் வாக்கன் மெட்டல் விழாவரை போனார்கள். டெல்லியின் பிளட்டிவுட் குழு டோல் முரசும் புல்லாங்குழலும் பஞ்சாபி, இந்தி வரிகளுமாக அதே வாக்கனுக்குப் போனார்கள். யார் உள்ளூர் என்று கேட்டால் நான் சட்டென்று பதில் சொல்ல மாட்டேன்.

சுருதிபேதம் எழுதியது:

'ராட்டாமஹாட்டா' விஷயத்தில் தோற்றேன், ஒப்புக்கொள்கிறேன். 'ரூட்ஸ் பிளடி ரூட்ஸ்' பாட்டில் தோற்கவில்லை.

உடைப்பைப் பற்றிப் பேசாமல் இந்த இழை நகர முடியாது. 1996 ஆகஸ்டில் மாக்ஸின் வளர்ப்பு மகன் டேனா இறந்தார். செய்தி வந்தபோது குழு இங்கிலாந்தில், டோனிங்டன் ராக் விழாவுக்காக இருந்தது; மாக்ஸ் உடனே திரும்பிவிட, மற்ற மூவரும் மேடையேறினார்கள், கிஸ்ஸர் பாடினார். குழுவின் மேலாளராக இருந்தவர் மாக்ஸின் மனைவி குளோரியா. அவரது ஒப்பந்தத்தை நீட்டிக்க மற்ற மூவரும் விரும்பவில்லை. டிசம்பர் 16, லண்டன் பிரிக்ஸ்டன் அகாடமி. அன்றைய நிகழ்ச்சிக்குப் பிறகு மாக்ஸ் குழுவில் இல்லை. அந்த இரவின் பதிவு 2002இல் ஆல்பமாக வந்தது. கேட்டால் குழு உடையப்போகிறது என்று ஓரிடத்திலும் தோன்றாது, அவ்வளவு இறுக்கமான வாசிப்பு. யார் பக்கம் நியாயம் என்று இரு தரப்பு ரசிகர்களும் கால் நூற்றாண்டாகச் சண்டையிடுகிறார்கள். எனக்கு அதில் ஆர்வமில்லை. எனக்கு முக்கியமானது வேறு: மாக்ஸ் தாளத்தை எடுத்துக்கொண்டு சோல்ஃப்ளைக்குப் போனார், கிஸ்ஸர் ரிஃப்களை வைத்துக்கொண்டு செபுல்தூராவில் இருந்தார். இருவரும் இழந்தது மற்றவரிடம் இருந்த பாதியை.

மலைக்கோட்டை எழுதியது:

இழந்தார்கள் என்பது சரி. ஆனால் அதோடு முடிந்துவிட்டதாகப் பேசுவது எங்கள் வயதுக்காரர்களுக்கு நியாயமாகப் படவில்லை. நான் கேட்கத் தொடங்கியபோதே பாடகர் டெரிக் கிரீன்தான். அமெரிக்காவின் கிளீவ்லண்ட் நகரத்தவர். 1998இன் 'அகெய்ன்ஸ்ட்' முதல் பாடுகிறார். மாக்ஸ் பாடிய ஆண்டுகளைவிட அவர் பாடிய ஆண்டுகள் இரு மடங்கு. அந்த முதல் ஆல்பத்திலேயே ஜப்பானின் கோடோ முரசுக் குழுவுடன் ஒரு பாடல் செய்தார்கள். நடுவில் சில சோர்வான ஆல்பங்கள் வந்தன. இகோரும் 2006இல் விலகினார். அந்தப் பகுதியை நானும் வேகமாகக் கடந்துவிடுகிறேன்.

2011இல் எலோய் கசகிராண்டி டிரம்ஸுக்கு வந்ததும் குழுவுக்குப் புது மூச்சு வந்தது. 2017இன் 'மெஷின் மெசையா'வில் துனீசிய வயலின்கள்கூட உண்டு. 2020இன் 'குவாட்ரா' ஸ்வீடனில், தயாரிப்பாளர் ஜென்ஸ் போக்ரனிடம் பதிவானது. பன்னிரண்டு பாடல்களை மும்மூன்றாக நான்கு பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள்: முதல் பகுதி பழைய த்ராஷ், இரண்டாவது 'ரூட்ஸ்' காலத் தாளம், மூன்றாவதில் கிஸ்ஸரின் மரக்கிட்டாரும் வாத்திய இசையும், நான்காவதில் மெதுவான, ராகம் கூடிய பாடல்கள். தன் வரலாற்றையே ஒரு குழு வரிசைப்படுத்திப் பார்த்தது போல இருக்கும். பெயருக்குப் பொருள் என்ன தெரியுமா? போர்த்துகீசியத்தில் விளையாட்டுத் திடல். கோடு போட்ட திடலுக்குள், அங்குள்ள விதிப்படி ஆடுகிறோம் என்ற எண்ணம். பழைய கேசட் அண்ணா, ஸ்வீடனில் பதிவானது என்பதால் இதையும் ஒதுக்கிவிடாதீர்கள்.

பழைய கேசட் எழுதியது:

ஒதுக்கவில்லை தம்பி. உன் பதிவைப் படித்துவிட்டு மூன்றாம் பகுதியை இருமுறை கேட்டேன். கிஸ்ஸரின் மரக்கிட்டாரில் எனக்குத் தெரிந்த சாவோ பாவுலோ இருக்கிறது என்று சொல்லத் தோன்றியது. ஆனால் நான் அந்த ஊரைப் பார்த்ததே இல்லை என்பதால் அடக்கிக்கொண்டேன்.

கராண்டிரு பற்றி நீ எழுதியதற்குப் பிறகு என் முதல் பதிவின் கேள்வியை மாற்றிக்கொள்கிறேன். ஒலி எங்கிருந்து வந்தது என்று கேட்பதைவிட, எங்கே போய்ச் சேர்ந்தது என்று கேட்டால் விநோதமான ஒன்று தெரிகிறது. செபுல்தூராவின் முதல் பாடகர் வாக்னர், முதல் தட்டு வருவதற்கு முன்பே விலகிப்போய், அதே பெலோ ஒரிசோன்ச்சியில் சார்கோஃபாகோ குழுவில் பாடினார். 1987இல் அவர்கள் வெளியிட்ட முதல் ஆல்பமும் அதே கோகுமேலோ கடையின் வெளியீடு. அந்தச் சேறும் சகதியுமான சத்தமும், வெள்ளை மை பூசிய முகமும், ஆணி அறைந்த கைப்பட்டையும் கேசட் வழியாக நார்வேக்குப் போய், அங்கே 1990களின் தொடக்கத்தில் எழுந்த பிளாக் மெட்டல் வகைக்கு முன்மாதிரிகளில் ஒன்றாயின. முரசும் இல்லாமல், பேரிம்பாவும் இல்லாமல், பிரேசில் என்று நெற்றியில் எழுதாமல், அந்த ஊரிலிருந்து கிளம்பி மிகத் தொலைவு போன ஒலி அதுதான். ஊர்க்காரர்களுக்கே அது ஊர்ச் சத்தம் என்று அப்போது தெரிந்திருக்காது.

இன்னொன்று. 2023இல் மாக்ஸும் இகோரும் 'பெஸ்டியல் டிவாஸ்டேஷன்', 'மார்பிட் விஷன்ஸ்' இரண்டையும் புதிதாக மறுபதிவு செய்தார்கள். சுருதிபேதம் அவர்கள் கேட்டாரா?

சுருதிபேதம் எழுதியது:

கேட்டேன், வெளிவந்த வாரத்திலேயே. ஒவ்வொரு ரிஃபும் இப்போது தெளிவாகப் புரிகிறது. இகோரின் கால் ஓரிடத்திலும் தடுமாறவில்லை. கிட்டார்கள் சரியான சுருதியில் இருக்கின்றன. மூன்றாவது பாட்டில் நிறுத்திவிட்டு 1986 பதிவை எடுத்துப் போட்டேன். பழைய பதிவில் இரண்டு கிட்டார்களும் ஒரே சுரத்தை வாசிக்கும்போது நடுவில் ஒரு அதிர்வு, ஈ பறப்பதைப் போல, வந்து வந்து போகும். சுருதி கொஞ்சம் விலகி நிற்பதால் வரும் அதிர்வு அது. புதியதில் அந்த ஈ இல்லை.

தோல்வாத்தியம் எழுதியது:

அந்த ஈயைப் பிடிக்கத்தான் நானும் நாற்பது வயதில் பழைய பதிவைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

செபுல்தூரா தங்கள் விடைபெறும் இசைப்பயணத்தை 2024 மார்ச் 1ஆம் நாள் பெலோ ஒரிசோன்ச்சியில்தான் தொடங்கினார்கள் என்பதையும் இங்கே சேர்த்துவிடுகிறேன். அதற்குச் சில வாரங்களுக்கு முன் எலோய் விலகிவிட, அவசரமாக வந்தமர்ந்த கிரேசன் நெக்ருட்மன் அமெரிக்கர், டெரிக் அமெரிக்கர், கிஸ்ஸர் சாவோ பாவுலோப் பக்கம். அன்று மேடையில் நின்ற நால்வரில் அந்த ஊர்க்காரர் பேஸ் வாசிக்கும் பாவுலோ ஒருவரே. சாந்தா தெரேசாவில் ஒத்திகை பார்த்த காலத்திலிருந்து ஒருநாளும் குழுவை விட்டு நகராதவரும் அவர்தான். இவ்வளவு நீளமான இழையில் நாம் யாரும் இதுவரை அவர் பெயரை எழுதவில்லை.